கணக்குப்பிள்ளையின் திண்ணையிலிருந்து கிராமச் செயலகம் வரை

பெருந்தொற்றுக்குப் பிறகு உலகெங்கும் உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் அலுவலகக் கட்டடங்களைப் பற்றிப் புதிதாக யோசிக்கத் தொடங்கின. இங்கிலாந்தில் பல நகர மன்றங்கள், ஊழியர்கள் சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் வேலை பார்ப்பதற்கேற்ப மேசைகளைக் குறைத்தன. மிஞ்சிய தளங்களை வாடகைக்கு விட்டன. அரசு அலுவலர் அலுவலகத்துக்கு வெளியே இருந்து வேலை பார்ப்பது அங்கே புதிய செய்தியாகப் பேசப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதிக்கு அது பழைய செய்தி. கார், கண்ணாடி, கைப்பேசி எல்லாம் செய்யும் இந்த மண்ணில், ஊர் நிர்வாகம் பல நூற்றாண்டுகளாக வீட்டிலிருந்துதான் நடந்தது. அலுவலருக்குத் தனி அறை, தனி மேசை, குறித்த நேரம் என்பதெல்லாம் பின்னால் வந்த ஏற்பாடு. ஊர் மட்டத்தில் அது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. ஆகவே கலப்பு முறை வேலைக்கு அலுவலகங்களை எப்படிச் சீரமைப்பது என்ற கேள்விக்கு இந்தப் பகுதியின் வரலாறு நேரடியாகவே விடை தருகிறது. அலுவலர் எங்கே உட்கார்கிறார் என்பது இரண்டாவது கேள்விதான். ஊரின் பதிவேடு யார் கையில் இருக்கிறது, ஊரார் உரிமையோடு வந்து கேட்க ஓர் இடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இந்த இரண்டையும் உறுதிசெய்த பிறகு அலுவலர் எங்கிருந்து வேலை பார்த்தாலும் ஊருக்குக் கேடில்லை. இவற்றை விட்டுவிட்டு எவ்வளவு அழகான கட்டடம் கட்டினாலும் ஊருக்குப் பயனில்லை.

பதிவேட்டை ஆளிடமிருந்து பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் வெள்ளைக்காரர் கொண்டுவந்ததல்ல. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெயர் பெற்றவை. ஊரைக் குடும்பு என்ற 30 பகுதிகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதே கல்வெட்டில் குறைவாகப் பேசப்படும் விதி ஒன்று உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் பிறகு வாரியத்துக்கு வரத் தகுதியற்றவர்கள். கணக்கு எழுதியவருக்கே சொந்தமாகிவிடக் கூடாது, அது சபையின் முன் வந்தாக வேண்டும் என்ற தெளிவு அந்த விதியில் இருக்கிறது. உறவினரையும் சேர்த்து விலக்கியதற்குக் காரணமும் புரிகிறது; கணக்கு வீட்டுக்குள் போனால் அந்தக் குடும்பத்தின் பிடிக்குள் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம் என்பதையும், நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தச் சபை திறந்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குறுகிய வட்டத்துக்குள்கூட, கணக்கு பொது இடத்துக்கு வந்தாக வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள் என்பதே இங்கே நமக்கு முக்கியம்.

எட்டு நூற்றாண்டுகள் கழித்து நிலைமை வேறு. 1763இல் ஆற்காடு நவாப் முகம்மது அலி இந்தப் பகுதியை ஆங்கிலேயக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதன் ஊர்களை அளந்து எழுதும் வேலை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1767 முதல் 1774 வரை நடந்தது. ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், ஏரி, வீடு, விளைச்சல், அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவரங்கள் அதில் பதிவாயின. அந்தக் காலத்து ஊர்க் கணக்கு ஓலைகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றில் கணக்குப்பிள்ளை எங்கும் வருகிறார். களத்தில் நெல் பிரிக்கும்போது கோயிலுக்கும் ஏரிக்கும் காவலுக்கும் ஒதுக்குவதைப் போல அவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. மானியமாக நிலமும் இருந்தது. ஊர் அவருக்குக் கூலி கொடுத்தது. ஆனால் அவருக்கென்று ஊர் ஒரு கட்டடம் கட்டவில்லை. அவருடைய வீட்டுத் திண்ணையே அலுவலகம். ஓலைக் கட்டுகள் வீட்டுப் பரணில் இருந்தன. அப்பாவுக்குப் பின் மகன் அதே திண்ணையில் உட்கார்ந்தான். எந்த வயல் யாருடையது, எந்தப் புறம்போக்கை யார் உழுகிறார்கள், எந்த மதகில் எத்தனை நாழிகை நீர் யாருக்கு என்ற செய்திகளெல்லாம் ஓலையில் பாதியும் அவர் நினைவில் பாதியுமாக இருந்தன. இன்று தகவல் அமைப்பு என்று சொல்லப்படுவது அன்று ஒரு குடும்பத்தின் சொத்து.

கும்பினி அதிகாரிகளுக்கு முதலில் தலைவலியானது இந்த ஏற்பாடுதான். ஊரின் விளைச்சல் தெரியாமல் தீர்வை போட முடியாது. கணக்குப்பிள்ளை சொல்லாமல் விளைச்சல் தெரியாது. ராபர்ட் ஃபிரைக்கன்பர்க் குண்டூர் மாவட்டத்தைப் பற்றி 1965இல் வெளியிட்ட ஆய்வு, கலெக்டருக்கு எந்தச் செய்தி போக வேண்டும், எது போகக் கூடாது என்பதை உள்ளூர் அலுவலர்களே எப்படி முடிவு செய்தார்கள் என்று விரிவாகக் காட்டுகிறது. பவானி ராமன் 2012இல் எழுதிய நூல், கச்சேரி எனப்பட்ட சென்னை மாகாணத்து அரசு அலுவலகங்களில் எழுத்தும் எழுத்தரும் எப்படி ஆட்சியாகவே மாறினார்கள் என்று ஆராய்கிறது. அரசு இதற்கு இரண்டு வழிகளில் விடை தேடியது. முதலாவது, தாலுகா கச்சேரி. கருவூலமும் சில இடங்களில் சிறைக்கூடமும் ஒரே வளாகத்தில் அமைய, சிவப்புத் துணியில் கட்டிய கோப்புகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. இரண்டாவது, சுற்றுப்பயணம். கலெக்டர் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். பசலி என்ற ஒவ்வொரு வருவாய் ஆண்டுக்கும் ஜமாபந்தி என்ற வருவாய்த் தீர்வாயம் நடந்தது. கர்ணம் என்றும் அழைக்கப்பட்ட கணக்குப்பிள்ளை தன் கணக்குகளைச் சுமந்துகொண்டு வந்து மேலதிகாரியின் முன் விரித்தாக வேண்டும். மேலே இருந்தவர் நாடோடியாகவும் கீழே இருந்தவர் வீட்டிலேயும் வேலை பார்த்தார்கள். நடுவில் ஒரே ஒரு இடத்தில், தாலுகா கச்சேரியில், கட்டடம் நிலையாக இருந்தது. அலுவலரின் வீட்டை அலுவலகத்திலிருந்து பிரித்ததே நவீன அதிகார அமைப்பின் அடையாளம் என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் எழுதினார். அந்தப் பிரிவினை இங்கே தாலுகா வரை வந்து நின்றுவிட்டது, ஊருக்குள் நுழையவில்லை. அதற்கு மாறாக, 1895ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம், பதவி வீட்டுக்குள்ளேயே இருப்பதற்குச் சட்டப் பாதுகாப்பையே கொடுத்தது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். திண்ணை அலுவலகம் எந்த நேரமும் திறந்திருந்தது, கர்ணம் ஊர்க்காரர், விடியற்காலையிலும் போய்க் கேட்கலாம், இன்றைய பூட்டிய அலுவலகத்தைவிட அது மேல் என்று சொல்பவர்கள் உண்டு. சொல்வதில் ஒரு பாதி உண்மை: அருகாமை ஒரு பெரிய வசதி. ஆனால் யாருக்கு அருகாமை என்று கேட்க வேண்டும். ஊர்த் தெருவில் இருந்த திண்ணையில் சேரிக்காரர் ஏற முடியாது. அதன் விலை என்ன என்பதற்கு இந்தப் பகுதியிலேயே சான்று இருக்கிறது. அன்று இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராகப் பணியாற்றிய ட்ரெமன்ஹீர் 1891இல் தம் மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டு அவர்கள் கொடுத்த தர்காஸ்துகள் எப்படிப் பரம்பரை நில உரிமையாளர்களான மிராசுதாரர்களின் முன்னுரிமையாலும் ஊர் அதிகாரிகளின் தடையாலும் முடங்கின என்பதை அது அம்பலப்படுத்தியது. அதன் விளைவாகவே 1892 செப்டம்பரில் பஞ்சமி நில ஒதுக்கீட்டு ஆணை வந்தது. நிலம் ஒதுக்கிய பின்பும், அந்த நிலத்தின் பதிவு அதே ஊர் அதிகாரிகளின் கையில்தான் இருந்தது. பிற வகுப்பினருக்கு விற்கக் கூடாத அந்த நிலங்கள் பிற்காலத்தில் ஏராளமாகக் கைமாறின. 1994இல் செங்கல்பட்டுப் பகுதியின் காரணை ஊரில் பஞ்சமி நில மீட்புப் போராட்டமும், அதையொட்டித் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழப்பும் நிகழ்ந்தன. நூறாண்டு கடந்தும் பதிவேட்டின் கேள்வி தீரவில்லை என்று அது காட்டியது. அலுவலகம் ஒருவரின் வீட்டில் இருந்தால், அந்த வீட்டு வாசல் யாருக்குத் திறக்கிறதோ அவர்களுக்கு மட்டுமே அரசும் திறக்கும். வீட்டிலிருந்து நடக்கும் அரசு வேலையைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த அனுபவத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

மாற்றம் மெதுவாக வந்தது. பரம்பரை முன்னுரிமை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 1960இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1968இல் சென்னை மாநிலம் பரம்பரைப் பதவிச் சட்டங்களை நீக்கியது. பகுதிநேரக் கிராம அதிகாரிகளுக்குப் பதிலாக, இடமாற்றம் செய்யக்கூடிய முழுநேர அலுவலர்கள் வேண்டும் என்று 1973இல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் பரிந்துரைத்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் வழியே ஊர்த் தலைமை அதிகாரியான மணியம், கணக்கரான கர்ணம் ஆகியோரின் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. எதிர்த்துத் தொடுத்த வழக்குகளில் 1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அடங்கல், சிட்டா, புலப்படம், அ-பதிவேடு ஆகிய நில ஆவணங்கள் எல்லாம் குடும்பங்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தன. தேர்வு எழுதி வந்த, எந்தச் சாதியிலும் பிறந்திருக்கக்கூடிய, மாற்றலுக்கு உட்பட்ட கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தமிழ்நாட்டு நிர்வாக வரலாற்றில் இதைவிடப் பெரிய ஜனநாயக மாற்றங்கள் மிகச் சிலவே என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அந்தச் சீர்திருத்தம் பாதியில் நின்றது. பதிவேட்டை வீட்டிலிருந்து வெளியே எடுத்தது. அதை வைக்கவும், ஊரார் வந்து நிற்கவும் ஒழுங்கான இடம் கொடுக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலர் தன் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று விதி சொன்னது. அவருக்குக் கிடைத்ததோ பல ஊர்களில் ஒற்றை அறை, அல்லது வாடகைக் கட்டடம், அல்லது ஓடு உடைந்த பழைய சாவடி. அவர் பிற்பகலில் தாலுகா அலுவலகத்தில் இருப்பார், காலையில் வெள்ளச் சேதம் கணக்கெடுப்பார், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியில் நிற்பார். அவர் இல்லாத நேரத்தில் அறை பூட்டிக் கிடக்கும். கலப்பு முறை வேலை என்ற பெயர் வருவதற்கு முன்பே, அதன் மிக மோசமான வடிவத்தை ஊர் மக்கள் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்: அலுவலர் எங்கோ இருக்கிறார், எங்கே என்று யாருக்கும் தெரியாது, அவர் வரும்வரை எதுவும் நடக்காது.

இந்த நிலையில்தான் தொழிற்சாலைகள் வந்தன. 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் இந்தப் பகுதியில் பூங்காக்களை அமைத்தது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால்கோள் இட்டது. 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர் என்று அடுத்தடுத்து வந்தன. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்க 1997இல் மாநிலம் தனிச் சட்டமே இயற்றியது. ஒவ்வொரு திட்டத்துக்கும் நில எடுப்புத் தனி வட்டாட்சியர், அவருக்கு ஒரு தற்காலிக அலுவலகம், வேலை முடிந்ததும் அது கலைப்பு. ஏரிப் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாக உழுத ஒருவருக்கு இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும் அவர் பெயர் பட்டாவில் இருக்கிறதா என்ற ஒரே கேள்வியில் நின்றது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பட்டாவில் நேர்ந்த பிழைகள், நிலத்தின் விலை ஏறிய பிறகு குடும்பங்களைப் பிரித்தன. அதே காலத்தில் நிர்வாக எல்லைகளும் ஓயாமல் மாறின. மாவட்டத் தலைமையிடம் அதற்கு முன்பே சைதாப்பேட்டையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போயிருந்தது. 1997இல் திருவள்ளூர் பிரிந்தது. 2019இல் செங்கல்பட்டு பிரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டத்திலிருந்து குன்றத்தூர் வட்டம் உருவானது. அலுவலகம் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் பழைய கோப்பு எங்கே என்ற கேள்வி எழும். அதைத் தேடி அலையும் சுமை குடிமகனின் தலையில் விழும். ஓரிடத்தில் நிலையாக இருக்கும் பதிவேட்டின் மதிப்பை, நிலம் கொடுத்த இந்த ஊர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது.

கணினி வந்தபோது இந்தச் சுமை குறையும் என்று தோன்றியது. ஓரளவு குறையவும் செய்தது. தமிழ்நிலம் மென்பொருளில் பட்டா ஏறியது. வீட்டிலிருந்தே அதை இறக்கிக்கொள்ளலாம். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று திரை வழியே நகர்கின்றன. 2020 மே மாதத்தில், முழு ஊரடங்குக்குப் பின் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள் 50 விழுக்காடு ஊழியர்களோடு, இரண்டு அணிகளாக மாறி மாறி இயங்கத் தொடங்கின. ஆளில்லாத நாற்காலிகள் இருந்தாலும் கோப்பு நகர முடியும் என்று அந்தக் காலம் காட்டியது. ஆனால் வேறொன்றையும் காட்டியது. 2021 மே மாதத்தில் ஒரகடத்து ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம், உற்பத்தி வரிசையில் இடைவெளி காக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மேசை வேலை செய்பவர் வீட்டுக்குப் போகலாம், கார் பூட்டுபவர் போக முடியாது என்ற கோடு அன்று தெளிவாகத் தெரிந்தது. அலுவலருக்குக் கிடைக்கும் சுதந்திரத்தின் விலையை, அந்தச் சுதந்திரம் இல்லாத தொழிலாளி கொடுக்கக் கூடாது.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, இனி கட்டடத்துக்கு ஏன் செலவு என்ற வாதம் இங்கே வருகிறது. செலவைக் குறைக்க விரும்பும் யாருக்கும் இது இனிப்பான வாதம். ஆனால் இந்தப் பகுதியின் வாழ்க்கையோடு அது ஒட்டாது. முழு நிலமும் பெயர் மாறுவதைத் திரையில் முடிக்கலாம். உட்பிரிவோடு பட்டா மாற நில அளவர் வயலில் சங்கிலி பிடித்தாக வேண்டும், அண்டை நிலத்தார் வந்து நிற்க வேண்டும், தகராறு பேசித் தீர வேண்டும். வாரிசுச் சான்றில் ஒரு பெயர் விட்டுப்போனால், எதிரே உட்கார்ந்து ஆவணங்களைப் பரப்பிக் காட்ட ஒரு மேசை வேண்டும். இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களில் பெரும் பகுதியினர் வெளி மாவட்டத்தாரும் வெளி மாநிலத்தாரும். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் 2024இல் திறக்கப்பட்டது. அங்கே தங்கும் பெண் தொழிலாளர்களுக்கு இந்த ஊரில் எந்தப் பழைய பதிவும் கிடையாது, யாரைக் கேட்பது என்றும் தெரியாது. காலை 10 மணி முதல் மாலை 5.45 வரை என்ற அரசு நேரம், ஷிப்ட்டில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் கூலியை விலையாகக் கேட்கிறது. இணையம் இந்தத் தூரத்தைத் தானாகக் குறைப்பதில்லை. விண்ணப்பத்தை ஏற்றித் தரும் இடைநபர் ஒருவர் புதிதாக முளைக்கிறார். ஏன் நிராகரிக்கப்பட்டது என்பதை அவராலும் சொல்ல முடிவதில்லை. தாலுகா அலுவலக வாசலில் மரத்தடியில் மனு எழுதித் தருபவர்கள் இன்னும் இருப்பதற்குக் காரணமும் இதுதான்: கட்டடத்துக்குள் யாரும் விளக்கிச் சொல்லாததை அவர்கள் வெளியே விளக்குகிறார்கள்.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு மறுப்பு உண்டு. அது இன்னும் கனமானது. உள்ளாட்சி, வருவாய்த் துறை ஊழியர்களுக்கு அலுவலகத்துக்கு வெளியே வேலை பார்க்க அனுமதி கொடுத்தால், அது வராமல் இருப்பதற்குச் சாக்காகிவிடும் என்பது அந்த மறுப்பு. பூட்டிய அறைகளைக் கண்டு சலித்த மக்கள் இப்படிச் சொல்வது நியாயமே. ஆயினும் கிராம நிர்வாக அலுவலரையோ ஊராட்சிச் செயலரையோ நாள் முழுதும் நாற்காலியில் கட்டிப்போட்டால், ஏரிக்கரை ஆக்கிரமிப்பை யார் பார்ப்பது, தெருக்குழாயை யார் பார்ப்பது? அவர்களுடைய வேலையின் பாதி இயல்பாகவே வெளியில் இருக்கிறது. பழைய சுற்றுப்பயண மரபு இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. 2024 ஜனவரியில் தொடங்கிய ‘உங்களைத் தேடி உங்கள் ஊரில்’ திட்டத்தில் மாவட்ட ஆட்சியர் ஒரு வட்டத்தில் ஒரு நாள் தங்கி ஆய்வு செய்வது அந்த மரபின் தொடர்ச்சிதான். வராமையும் களப்பணியும் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரிவதுதான் சிக்கல். அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஓர் எளிய ஒழுங்கு: அலுவலர் இன்று எங்கே, எப்போது திரும்புவார், அவர் இல்லாதபோது யார் பொறுப்பு என்பது வாசலில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அந்த வாசல் திறந்திருக்க வேண்டும், பதிவேடு அவர் கையிலோ அவர் மடிக்கணினியிலோ அடைபட்டுக் கிடக்கக் கூடாது. உத்திரமேரூர் விதியின் சாரமும் இதுவே.

இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் பார்க்கும்போது, ஊராட்சி அலுவலகத்தையும் கிராம நிர்வாக அலுவலரையும் ஒரே கட்டடத்தில் கொண்டுவருவதாக 2022இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட கிராமச் செயலகத் திட்டம், 1980இல் பாதியில் நின்ற வேலையை முடிக்கும் வாய்ப்பு. கட்டடம் எழும்பினால் மட்டும் அந்த வேலை முடியாது. எந்த வரிசையில் செலவு செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தலைவர் அறைக்கும் குளிர்சாதனத்துக்கும் முன்னால், மக்கள் உட்காரும் கூடத்துக்கும், சாய்தளத்துக்கும், பெண்களுக்கான கழிப்பறைக்கும் பணம் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை தேவையில்லை. வெளிவேலையில் இருப்பவர்கள் மேசைகளைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் முன்மேசையில் எப்போதும் ஒருவர் இருந்தாக வேண்டும். நடைபாதையில் ஒப்பந்த ஊழியர் ஒருவரை நிறுத்துவதை அதற்குக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது, கேட்பவருக்குப் பதில் சொல்லும் அதிகாரம் உள்ளவர் இருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் போன்ற ஊர்களில் வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காகத் திறந்திருக்க வேண்டும். அதற்கு ஈடாக ஊழியர்கள் காலையில் வீட்டிலிருந்து கோப்பு பார்க்கட்டும். கலப்பு முறை வேலையின் உண்மையான பயன் ஊழியரின் வசதியில் தொடங்கி மக்களின் நேரத்தில் முடிய வேண்டும். பழைய காகிதப் பதிவேடுகள் எரிக்கப்படாமலும் எடைக்குப் போடப்படாமலும், படியெடுத்து, பட்டியலிட்டு, கேட்டவருக்குக் காட்டும்படி அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். தொழிற்சாலைகளுக்குத் தடையற்ற மின்சாரமும் நான்குவழிச் சாலையும் கொடுத்த அரசு, அந்தத் தொழிற்சாலைகளுக்கு நிலம் கொடுத்தவர்களுக்கும் அவற்றில் உழைப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டிய கடன் இது. ஊரின் கணக்கு ஊராருக்குத் திறந்திருக்கிறதா என்பதை வைத்தே ஒவ்வொரு புதிய அலுவலகத் திட்டத்தையும் அளக்க வேண்டும். அந்த அளவுகோலில் தேறாத எந்தச் சீரமைப்புக்கும் பொதுப்பணத்தைச் செலவிட நமக்கு உரிமையில்லை.